இரண்டாவது படுக்கையறை

சனிக்கிழமை காலையில் இரண்டாவது அறையின் மெத்தை விரிப்பை மாற்றுவது ஸ்கேலக்காவின் வேலை. அழுக்கே படாத விரிப்பை உருவி, சோப்புத் தண்ணீரில் முக்கி அலசிக் காயப்போட்டுவிட்டு, இன்னொன்றை இழுத்து விரிப்பாள். அந்தக் கட்டிலில் இதுவரை யாரும் படுத்ததில்லை.

கட்டட எஞ்சினியர் ஒருவரின் அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை ஊராருக்கு வீடு வரைந்தவள் அவள். எந்நேரமும் ஸ்கேலும் கையுமாக இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே வீட்டைத்தான்: முன்னால் ஆண்கள் காலை நீட்டி உட்கார அகலமாக ஒரு ஹால், பின்மூலையில் இருட்டாக ஒரு சமையலறை. இவள் சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கிக் கொண்டுபோனால் எஞ்சினியர் சிரிப்பார். "ஏம்மா, அடுப்படிக்கு எதுக்கு இவ்வளவு வெளிச்சம்? சினிமாவா எடுக்கப் போறாங்க?"

பிறகு தனக்கென்று ஒரு வீடு வரைந்தாள். தனக்கும், டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த நெட்டைக்கும். வெளியாருக்கு அவர்கள் துணைக்குத் துணையாக ஒன்றாக இருக்கும் தோழிகள். சமையலறைக்குச் சுவரே வைக்கவில்லை. மேடை இரண்டு உயரத்தில்: குனிந்து இடுப்பொடியாமல் நெட்டைக்கு ஒன்று, எக்காமல் இவளுக்கு ஒன்று. வரைபடத்தில் பெரிய அறைக்குள் வழக்கமாக எழுதும் 'மாஸ்டர் பெட்ரூம்' என்பதை எழுதாமல் விட்டாள்.

"இதுல மாஸ்டர் யாருடி?" என்றாள் நெட்டை.

"அந்த ஆளுக்கு இங்க இடமில்ல."

"அப்ப இந்த ரெண்டாவது ரூம்?"

"உன் வீட்டு ஆளுங்க பாத்துட்டுப் போறதுக்கு."

உறவுக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தால் நெட்டை ஓடிப்போய் அங்கிருக்கும் தலையணையைக் குத்திக் கசக்குவாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பக்கத்தில் வைப்பாள். "ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கேன் போல" என்பாள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால், மார்புச் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நெட்டை திரும்பி வரவில்லை. அவளுடைய தம்பி அவள் போட்டோவைச் சட்டமிட்டுக் கொண்டுவந்து 'அக்கா ரூமில்' மாட்டினான். உயிரோடு ஒரு நாள்கூடத் தங்காத அறையில், செத்த பிறகு அவள் குடியேறிவிட்டாள். வந்தவர்கள் அந்தக் கட்டிலைத் தடவித் தடவி அழுதார்கள். ஸ்கேலக்கா வாசற்படியில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

தன் படுக்கையில் தேடினால் நெட்டை அகப்படுவதில்லை. சமையல் மேடையருகே மட்டும், யாரோ கடந்துபோக வழிவிடுவதுபோல் உடம்பு தானாக ஒதுங்கும். ஆனால் அந்த அறைக்கதவைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே நெட்டை விருந்தாளி மாதிரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள், எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள் என்றே தோன்றும். போட்டோவைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுவந்துவிடலாம். மாட்டியவன் தம்பி. ஏன் எடுத்தீங்க என்று கேட்பான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவனே வந்தான். "கொஞ்ச நேரம் அக்கா ரூம்ல படுத்துக்கிறேன், ஸ்கேலக்கா. அவ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்."

சற்று நேரத்தில் உள்ளிருந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இது திறக்கவே மாட்டேங்குதே."

"பெயிண்ட்டுல ஒட்டிக்கிச்சு."

"எப்போ?"

"வீடு கட்டினப்போ."

அவன் கையை எடுத்தான். "ஜன்னல் சாத்தியிருந்தா அவளுக்குத் தூக்கமே வராதே. சின்ன வயசுல குளிர்லகூடத் திறந்து போட்டு எங்களையெல்லாம் விறைக்க வெப்பா." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப எங்க படுத்திருந்தா?"

பழகிய பொய்கள் வாய்வரை வந்தன. ஹால், சோபா, புழுக்கம். அவள் அவற்றை விழுங்கினாள்.

"என் ரூம்ல. என் பக்கத்துல. எப்பவுமே."

அவன் தான் படுத்தெழுந்த விரிப்பின் சுருக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் போட்டோவை நான் அங்க கொண்டுபோகட்டுமா? இந்த ரூம் அவளுக்குப் பழக்கமே இல்லப்பா."

கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை மேலிருந்து கீழாக மாட்டினான். ஒருமுறை போட்டோவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாசலில் நின்ற ஸ்கேலக்காவின்மேல் படாமல் ஒருக்களித்து, அறையை விட்டு வெளியே போனான்.