சிவப்புப் பெட்டிக் கத்தி

போன மாதம் நான் ஒரு கத்தி வாங்கினேன். வெங்காயமும் கரட்டும் வெட்டுகிற சாதாரண சமையல் கத்திதான், ஆனால் விலையைக் கேட்டால் தொண்டையில் சோறு இறங்காது. அதற்குப் பக்கத்திலேயே கால்வாசி விலைக்கு இன்னொன்று தொங்கியது. அதுவும் வெங்காயம்தான் வெட்டும். "அத விட்டுட்டு ஏன் இத வாங்கின?" என்று என் வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டார். சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் இலங்கை மலைநாட்டுப் பதுளையில் எங்கள் பாத்திரக் கடையில் நடந்த கதை ஞாபகத்துக்கு வந்தது. வந்தது என்ன, எங்கள் குடும்பத்தில் யாராவது அதை மறக்க விட்டால்தானே! எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சித்தப்பா அதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். ஒரே கத்தியை இரண்டு தடவை வாங்கிய பொம்பளை கதை என்று அதற்குப் பெயர். அவர் சொல்வதில் ஒரு பாதி எப்போதும் விட்டுப்போகும், ஏனென்றால் அந்தப் பாதி நடந்தபோது அவர் பக்கத்து ஹோட்டலுக்குத் தேத்தண்ணி சொல்லப் போயிருந்தார். கடையில் இருந்தது நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அம்மா கீழாநெல்லியும் கஞ்சியுமாக அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சித்தப்பாவோடு கடைக்கு அனுப்பிவிடுவார். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேயிலைத் தோட்டத்துச் சனம் எல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும், பஜார் நிறைந்துவிடும்.

அப்பா படுக்கையில் விழுவதற்கு முன் கொழும்பிலிருந்து இரண்டு டஜன் கத்தி எடுத்து வந்திருந்தார். கறுப்புப் பிடி போட்ட நல்ல கத்திகள். வாசலில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒரு மாதமாகியும் ஒருவரும் சீண்டவில்லை. ஒருநாள் சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பாதியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார். துணிக்கடையிலிருந்து நீளமான அட்டைப் பெட்டிகளும் ஒரு முழம் சிவப்பு வெல்வெட்டும் வந்தன. துணியை வெட்டிப் பெட்டிக்குள் ஒட்டுகிற வேலை எனக்கு. ஒட்டி முடித்ததும் கத்திகளை அதற்குள் படுக்க வைத்துக் கண்ணாடி அலுமாரியில் ஏற்றினார். விலை நாலு மடங்கு.

"வெளிய மூச்சு விட்ட, ஒன்னையக் கொண்டு போயி லயத்துல விட்டுருவேன்" என்றார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி எல்லாம் காட்ட மாட்டார்கள். தோட்டத்துக் கூலிச் சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயம்தான்.

அலுமாரிக்கு முன்னால் சிவப்பு ரெக்ஸின் மெத்தை போட்ட இரண்டு நாற்காலிகள் இருந்தன. அலுமாரிச் சாமான் வாங்குகிறவர்களுக்குத்தான் அவை. "வாங்க, இருங்க" என்று உட்கார வைத்து, ஹோட்டலிலிருந்து பால் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்து, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் சாமானை வைத்துக் காட்டுவார் சித்தப்பா. ஆணியில் தொங்குவதை வாங்குகிறவர்கள் வாசலோடு நின்று வாங்கிப் போவார்கள். நான் மட்டும் ஒன்றும் வாங்காமலே ஒரு நாற்காலியில் சம்மணம் போட்டுக் கணக்குச் செய்துகொண்டிருப்பேன்.

அந்த வாரமே மூன்று பெட்டி போய்விட்டது! யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் பெட்டிக் கத்தியைப் பெருவிரலில் தடவிப் பார்த்து, "இதெல்லோ சாமான். வெளியில தொங்குறது வெறும் தகரம்" என்றார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை, குழப்பம்தான் வந்தது. உண்மையிலேயே சிவப்புத் துணியில் படுத்தால் கத்திக்கு ஏதாவது ஆகிறதோ? ஆணிக் கத்தி ஒன்றும் பெட்டிக் கத்தி ஒன்றும் வீட்டுக்கு எடுத்துப் போய், அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் பார்க்கச் சொன்னேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். கடைசியில் சித்தப்பாவிடமே போய், "ரெண்டும் ஒண்ணுதானே, அப்ப ஏன் இத வாங்குறாங்க?" என்று கேட்டேன். "ஒனக்கு அதெல்லாம் வெளங்காது, போ" என்றார். அவருக்கே விளங்கியிருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டு கொட்டென்று மழை. கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் மகளோடு கடைக்குள் ஓடி வந்தார். மகளுக்கு என் வயதுதான் இருக்கும், பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாடா என்று காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய், எந்திரி எந்திரி! அது யாவாரத்துக்கு வர்றவங்க உக்கார்றது" என்றார் சித்தப்பா.

"ஐயோ, தெரியாம உக்காந்துட்டேன் மொதலாளி." அந்த அம்மா எழுந்துவிட்டார். எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார். மெத்தையைத் துடைத்து, கைப்பிடியையும் துடைத்து, மகளைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் சம்மணம் போட்டபடி நான் இருந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, கணக்கைத்தான் பார்த்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வாசலில் நின்றபடி அந்த அம்மா ஆணிக் கத்தி ஒன்று வாங்கினார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று சித்தப்பா அதைப் பேப்பரில் சுற்றி மேசையில் தள்ளிவிட்டார். மழை விடும் முன்பே இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அதே அம்மா மறுபடி வந்தார். நல்ல சேலை, நெற்றியில் விபூதி, மகள் கையைப் பிடித்திருந்தார். தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்திருந்த நேரம் அது. பஜார் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கிற கூட்டம்.

"என்ன வேணும்?"

"அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்குல்ல மொதலாளி, பொட்டியோட. அந்தக் கத்தி."

சித்தப்பா திகைத்துப்போனார். "அது வெல கூட. தொங்குறதுல ஒண்ணு எடுத்துக்க" என்றார். அவர் வாயால் ஒரு வாடிக்கையாளரிடம் மலிவானதை வாங்கச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"பரவால்லங்க. அதையே குடுங்க." சொல்லிவிட்டுக் காசை எடுத்து மேசை மேல் வைத்தார்.

சித்தப்பா காசைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில், "சரி, உக்காருங்க" என்று முணுமுணுத்துவிட்டுத் தேத்தண்ணி சொல்ல ஹோட்டலுக்குப் போனார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். அட்வான்ஸ் காசு! அந்தப் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டிய காசு நான் ஒட்டிய வெல்வெட்டுக்குப் போகப்போகிறது. சொல்லாவிட்டால் பாவம். சொன்னால் லயம். சித்தப்பா திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"வாங்காதீங்க! ரெண்டும் ஒரே கத்தி. அந்தத் துணிய நான்தான் ஒட்டுனேன்."

கண்ணைத் திறந்தால் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "தெரியும் பாப்பா. போன மாசம் வாங்குனது வீட்ல இருக்கு. நல்லாத்தான் வெட்டுது."

"அப்ப எதுக்கு இன்னொண்ணு?"

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் எந்திரிக்கிறியா சாமி? இவ உக்காரட்டும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அது என் நாற்காலி! யாருக்கும் அதை நான் விட்டுக் கொடுத்ததில்லை. இவர்களுக்கு உதவி செய்யப் போய் இடமும் போச்சே என்று எரிச்சலோடு கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். இரண்டு கையையும் இரண்டு கைப்பிடியிலும் வைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணி வந்தது. சித்தப்பா துணி விரித்துக் கத்தியை வைத்தார். பிடியைக் காட்டினார், அலகைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா ஒரு தரம் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மற்றவர்களைப் போல விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் ஊதி ஊதி மெதுவாகக் குடித்தார். மகளும் அப்படியே குடித்தாள். வேறு ஆட்கள் வந்தார்கள், வாசலில் நின்று வாங்கிப் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு இவர்களைத் தெரியும் போல. "என்னடி, சௌரியமா?" என்று ஒருத்தி வாசலிலிருந்தே கேட்டாள். "சௌரியந்தான்" என்று அந்த அம்மா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

அவர்களுடைய பஸ் ஒன்று போனது. இருவரும் எழவில்லை. சித்தப்பா இருமினார், விரித்த துணியை மடித்தார், பெட்டியை மூடி அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். எந்திரி என்று சொல்ல முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! நான் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்று அலுத்துப்போனேன். அந்த அம்மாவுக்கு ஏதோ கால் வலி போலிருக்கிறது, மலை ஏறி இறங்குகிற கால்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் எழுந்தார்கள். "வர்றோம் மொதலாளி." இந்தத் தரம் அந்த அம்மா நாற்காலியைத் துடைக்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

பார்த்தால் பெட்டி மேசை மேலேயே இருக்கிறது!

"அடிப்பாவிங்களா! ஓடு, குடுத்துட்டு வா" என்று சித்தப்பா கத்தினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் அந்தப் பிள்ளை. அந்த அம்மா என் கையில் இருந்த பெட்டியைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட, இத மறந்துட்டேன் பாரு!"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை ஒருத்தர் எப்படி மறப்பார்? ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து, "பத்திரம், கத்தி உள்ள இருக்கு" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, என்னவோ எங்களுக்குள் நெடுநாள் சிநேகிதம் போல என் பக்கம் குனிந்தாள். "ஒங்க நாற்காலி நல்ல மெத்துனு இருக்கு, என்னா?" என்றாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

நான் கத்தியைப் பற்றிச் சொல்கிறேன், இவள் நாற்காலியைப் பற்றிச் சொல்கிறாளே! ஒன்றும் புரியாமல் திரும்பி நடந்தேன். கடைக்கு வந்து நடந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். உண்மையை உளறியதை மட்டும் மறைத்துவிட்டேன், லயத்துப் பயம்.

"அந்த அம்மா வாங்குன கத்தியையே மறந்துட்டாங்க சித்தப்பா. அந்தப் புள்ளைக்கு நாற்காலி மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு அறிவே இல்ல போல."

சித்தப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் என் நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டு, அவரோடு சேர்ந்து சிரித்தேன்.