மல்லிக்கு வண்டி வாங்கிய கதை

வண்டியைத் தவணையில் எடுக்கலாமா, ரொக்கம் கொடுத்து வாங்கலாமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டு வருகிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைப்பு. தெரியும்தான். எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் முதலில் எனக்கு ஒரு குதிரைதான் ஞாபகத்துக்கு வரும். ஒன்பது வயதில் தொற்றிய பழக்கம் அது.

அப்போது நாங்கள் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பாவிடம் மல்லி என்று ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும் குதிரை. கல்யாணம் பூந்தமல்லியில் என்றாலும் திருவள்ளூரில் என்றாலும் மல்லி நடந்துதான் போகும். அப்பாவும் கூடவே நடப்பார். அந்த வருஷம் ஐப்பசியில் தார் ரோட்டில் நடந்து நடந்து அதன் குளம்பு வெடித்துவிட்டது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும், ஆனால் மறுபடி இவ்வளவு தூரம் நடத்தினால் கால் போய்விடும் என்றார் மாட்டு டாக்டர். தை முகூர்த்தங்களுக்கு அப்பா ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். அதன் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி, குதிரை நிற்கும் அளவுக்கு ஒரு டிரெய்லர் செய்து தர அம்பத்தூர்ப் பட்டறை ஒன்று ஒப்புக்கொண்டது. பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. பூந்தமல்லி ஃபைனான்ஸ்காரர் ஒருவர் தவணைக்குக் கொடுப்பார். ரொக்கம் என்றால் தபால் ஆபீஸில் அம்மா பேரில் இருந்த சேமிப்பை எடுக்க வேண்டும். அது அக்காவின் கல்யாணத்துக்கென்று சேர்த்தது. காட்டுப்பாக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, வைகாசியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அக்காவைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தினமும் சாயங்காலம் இதே பேச்சு.

"பொண்ணு துட்டுல கை வெக்கச் சொல்றியா மச்சான்? தவணையே போதும். மாசாமாசம் கட்டிட்டுப் போறேன்" என்பார் அப்பா.

"இன்னா மாப்ளே, முகூர்த்தம் மாசாமாசமா வருது? ஆடில எவன் கல்யாணம் பண்றான்? மார்கழில எவன் பண்றான்? ரெண்டு தவணை தவறட்டும், நடுரோட்ல நிறுத்தி வண்டிய இழுத்துகினு பூடுவான். உள்ள குதிரை கீதா, கல்யாண மாப்ள கீறானான்னுலாம் பாக்க மாட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வண்டி மட்டும்தான், பறிமுதல் செய்கிறவன் உள்ளே இருப்பதை இறக்கி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் பின்னாளில் நானே நூறு பேருக்கு விளக்கிய சங்கதி. அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: ஆடி ஒன்று, மார்கழி ஒன்று, ஆக மொத்தம் இரண்டு தவணை. இரண்டும் அடுத்தடுத்த மாதங்கள் இல்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கொட்டகைக்கு ஓடி மல்லி இருக்கிறதா என்று பார்ப்பேன். வண்டியே இன்னும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஃபைனான்ஸ்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுக்கும் முன், வண்டிக்குச் சோறு போடப்போவது எதுவோ அதை ஆள் அனுப்பிப் பார்ப்பார். லாரி என்றால் சரக்கு, டாக்சி என்றால் ஸ்டாண்டு, எங்களுக்குக் குதிரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய ஆள் வருகிறார் என்று அப்பா சொன்னபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது. குதிரை இல்லையென்றால் தவணையும் இல்லை.

அன்று அப்பா சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். கொட்டகையில் நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா போட்ட முடிச்சு, அசையவில்லை. நிமிர்ந்தால் அக்கா நிற்கிறாள்.

"எங்கடி இட்டுகினு போற?"

"ஏரிக்கு. தண்ணி காட்ட."

அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, மல்லியின் கழுத்தை உரசியபடி முடிச்சை அவிழ்த்தாள். மல்லி தலையை அசைத்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பின்பக்கத்துப் படலையும் அவளே திறந்துவிட்டாள்.

"தண்ணி காட்டிட்டு உடனே வந்துடாத. மேயட்டும். பன்னெண்டு மணி பஸ்ஸு ஆரன் கேட்டாத்தான் ஊட்டுக்கு வரணும். புரிதா?"

ஏரிக்கரையில் வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் நின்றேன். மல்லி நிம்மதியாக மேய்ந்தது. தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குனிந்து உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறை அது கனைக்கப் போனபோது இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்தினேன். குதிரையின் வாயைப் பொத்த முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை.

வீட்டில் நடந்ததை அம்மா பல வருஷம் சொல்லிச் சொல்லி நான் நேரில் பார்த்ததுபோல ஆகிவிட்டது. வந்தவர் கொட்டகையைச் சுற்றிவந்து, "லத்தி கீது, குதிரை எங்கய்யா?" என்று கேட்டாராம். ஆவடி ரோட்டுப் பக்கம் ஓடின மாதிரி இருந்தது என்று அக்கா கை காட்ட, அப்பாவும் மாமாவும் ஜீப்பில் ஆவடி வரைக்கும் தேடிப் போனார்களாம். வந்தவர் இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, அடுத்த மாசம் வருகிறேன் என்று பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த மாதம் வரைக்கும் காத்திருந்தால் வண்டி தைக்குத் தயாராகாது.

நான் மல்லியோடு திரும்பியபோது, "இவதான் தேடிப் புடிச்சிகினு வரா" என்றாள் அக்கா. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் தபால் ஆபீஸில் அம்மா கையெழுத்துப் போட்டாள். டிரெய்லர் வந்தது. தை முகூர்த்தம் எதுவும் தவறவில்லை. கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவைக்கலாமா என்று அப்பா காட்டுப்பாக்கம் போய்க் கேட்டார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அம்மா மூன்று நாள் அழுதாள். அக்கா அழவில்லை. வைகாசி போய் ஆனியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். எனக்குத் தெரியாமல் அதை எப்போதோ நிரப்பி வைத்திருந்தாள். பின்னால் என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தது அவள் சம்பளம்தான்.

குதிரைமேல் அக்காவுக்கும் இவ்வளவு பாசமா என்று அன்று புதருக்குப் பின்னால் நின்று உருகிப்போனேன். அக்காவுக்குக் குதிரை என்றாலே பயம். அவள் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் மல்லியைத் தொட்டதும் அந்த ஒருநாள் காலையில்தான்.