பிளேட் அடுக்கும் அக்கா

ஜிம்மில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, எடை, ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் எதற்காகச் சேர்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. எடை குறைக்க, எடை கூட்ட, உடல் வலுவுக்கு, பொதுவான ஆரோக்கியத்துக்கு என்று நான்கு கட்டங்கள். எடை குறைக்க என்பதில் டிக் அடித்தேன். அது பொய். நாற்பத்தெட்டு வயதுப் பெண் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்.

உண்மையான காரணம் என் மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில், குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுந்தாள். அதுவரை அவளுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. கணவருக்குச் சென்னையில் வேலை. அன்று விடிகாலையில்தான் பஸ் ஏறியிருந்தார். வாளி உருளும் சத்தம் கேட்டு நான் ஓடினேன். வலிப்பு நின்ற பிறகும் அவள் நினைவில்லாமல் ஈரத் தரையில் கிடந்தாள். குழாய் திறந்தபடி இருந்தது. தண்ணீர் அவள் காதை ஒட்டி ஓடியது.

தூக்கப் பார்த்தேன். ஐம்பத்தாறு கிலோ. நினைவோடு இருப்பவரைத் தாங்கிப் பிடிப்பதும் நினைவில்லாதவரைத் தூக்குவதும் ஒன்றல்ல என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கே பிடித்தாலும் வேறொரு பக்கம் சரிந்தாள். கடைசியில் வலது கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தோளுக்குள் ஏதோ நழுவியதை என் கை உணர்ந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். மாடியில் குடியிருப்பவர் லுங்கியோடு இறங்கி வந்து, அவளை ஈர நைட்டியோடு இரண்டு கையிலும் அள்ளிக் கட்டிலில் கிடத்தினார். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

ஆஸ்பத்திரியில் தோளைப் பொருத்திவிட்டு, எப்படி நழுவியது என்று டாக்டர் கேட்டார். "விழுந்ததுல, சார்" என்றேன். வலிப்பிலேயே சிலருக்கு நழுவும் என்று அவர் எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

மகள் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யார் தூக்கினா?"

"மாடி வீட்டு அண்ணன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு காலையில் அவருடைய பைக் கிளம்பிப் போன சத்தம் கேட்ட பிறகுதான் கல்லூரி பஸ்ஸுக்கு வெளியே வருவாள். இரண்டு தடவை பஸ்ஸை விட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். விஷயம் அதுவல்ல.

மாத்திரை ஒழுங்காகப் போட்டால் திரும்ப வராமலும் இருக்கலாம், வரவும் வரலாம் என்றார் டாக்டர். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அடுத்த தடவை யாரையும் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஜிம்முக்குப் போனது அதற்காக.

ஜிம் உழவர்கரைப் பக்கம், ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில். பெண்களுக்குப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரத்துக்குக் கண்ணாடிக் கதவில் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிடுவார்கள். நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பது சாயங்காலம்தான் என்பதால் நேரம் ஒத்து வந்தது. உள்ளே மூன்று பக்கமும் கண்ணாடி. எங்கே நின்றாலும் என் முதுகுகூட எனக்குத் தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து டி-ஷர்ட் போட்டதில்லை. வாங்கின டி-ஷர்ட்டுக்கு மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். குருசுக்குப்பத்துப் பெண். குரல் மியூசிக்கைத் தாண்டிக் கேட்கும்.

"அக்கா, ஷாலைக் கழட்டிடுங்க. ட்ரெட்மில் பெல்ட்டுல மாட்டிச்சுன்னா உங்களையும் சேர்த்துச் சுருட்டிடும்."

கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். எடை குறைக்க என்று டிக் அடித்திருந்ததால் அவள் எனக்குக் கொடுத்ததெல்லாம் நடை. அரைமணி நேரம் ட்ரெட்மில், பிறகு பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குவது. பக்கத்து மெஷினில் ஒரு கல்லூரிப் பெண் ஓடிக்கொண்டே போனில் பேசுவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் போனைத் திரை மேலே தெரிகிற மாதிரி எதிரிலேயே வைத்திருப்பேன். மகள் கல்லூரியில் இருக்கும் நேரம் அது. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு எடுப்பேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்.

பாயில் படுப்பதுதான் என்னால் முடியாத காரியமாக இருந்தது. படுத்தால் வயிறு ஒரு பக்கம் வழிவது கண்ணாடியில் தெரியும். நாலாவது நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. காலையில் வந்த ஆண்கள் இரும்புப் பிளேட்டுகளைப் போட்டது போட்டபடி விட்டுப் போயிருந்தார்கள். எடுத்தவர்கள் அதனதன் இடத்தில் வைக்கவும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. ஒரு பிளேட்டை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினேன். அப்புறம் இன்னொன்று. கையில் வேலை இருந்ததும் உடம்பு என் நினைவிலிருந்து போய்விட்டது. ஐந்து கிலோ எல்லாம் ஒரு பக்கம், பத்து ஒரு பக்கம் என்று சமையலறை டப்பாக்கள் மாதிரி அடுக்கினேன். ஒரு பழைய டி-ஷர்ட் துண்டு கிடந்தது. பெஞ்சுகளையும் துடைத்தேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். என் வயதுதான், நல்ல உயரம். பிரான்ஸில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தவர். நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தன் பாட்டிலை நீட்டினார்.

"இதுல கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுங்களேன்."

கொடுத்தேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். மறுநாள், "அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்கம்மா" என்றார். திருப்பினேன். மூன்றாவது நாள், பாத்ரூமில் சோப்பு இல்லை என்று என்னிடம் புகார் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் என்னைக் கூட்டித் துடைக்கிற ஆள் என்று நினைத்திருக்கிறார். இடுப்பில் கட்டிய துப்பட்டா, கையில் துணி. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் திருத்தவில்லை. அது கோபத்தாலோ பெருந்தன்மையாலோ அல்ல, எனக்கு அது வசதியாக இருந்தது. வேலை செய்ய வந்தவளின் வயிற்றை யாரும் பார்ப்பதில்லை. அவள் மூச்சு வாங்குவதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடிக்கு நேராக நடந்து போனால்கூட எனக்குக் கூச்சமாக இல்லை, அங்கே தெரிந்தது வேறு யாரோ. ட்ரெட்மில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிளேட் அடுக்கும் நேரத்தைக் கூட்டினேன். பத்து கிலோவிலிருந்து பதினைந்துக்கு வந்தேன். இருபது கிலோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு நடக்க முடிந்தது. அதை மனதுக்குள் மகளின் எடையில் கழித்துப் பார்த்துக்கொள்வேன். இன்னும் முப்பத்தாறு.

சாயங்காலம் மகள் என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, துரு நாத்தம்? ஜிம்முக்குப் போறியா, மெக்கானிக் ஷெட்டுக்குப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எவ்ளோ குறைஞ்சிருக்க?"

"அரை கிலோ."

"இதுக்கு நீ வீட்டிலேயே பெருக்கித் துடைச்சிருக்கலாம்."

நான் அங்கே செய்வதும் அதுதான் என்று அவளிடம் சொல்லவில்லை.

பயிற்சிப் பெண்ணுக்கு நான் பிளேட் அடுக்குவது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவள்தான் அடுக்கியாக வேண்டும். ஆனால் ஒரு நாள், இருபது கிலோவைக் குனிந்து எடுக்கும்போது அவள் தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள்.

"அக்கா! கீழ வைங்க! முதுகை அப்படி வளைச்சுத் தூக்கினீங்கன்னா ஒரு நாள் அப்படியே நின்னுடுவீங்க!"

கிட்டே வந்தாள். பாட்டு பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நான் இதைக் குடுக்கவேயில்லையே. நடைதானே குடுத்தேன்? எடை குறையத்தானே வந்தீங்க?"

"இல்ல."

"இன்னா?"

"இல்லம்மா. எடை குறைய வரல."

"கேக்கலக்கா, சத்தமா சொல்லுங்க!"

பாட்டைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காக நானும் குரலை உயர்த்தினேன். மகள் விழுந்ததைச் சொன்னேன். தூக்க முடியாமல் போனதையும் தோள் நழுவியதையும் சொன்னேன். அவள் காதைக் கிட்டே கொண்டுவந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். "தோள் எப்படி நழுவிச்சு?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் கரண்ட் போனது. பாட்டு நின்றது, ட்ரெட்மில்கள் நின்றன. என் வாய் நிற்கவில்லை.

"நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் சொல்லாததை, கணவரிடம் சொல்லாததை, டயர் கடைக்கு மேலே ஏழெட்டுப் பெண்கள் நின்ற அறையில் கத்திச் சொல்லியிருந்தேன். கீழே கடையில் யாரோ டயரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. போய்விடலாம் என்று செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

பிரான்ஸிலிருந்து வந்தவர்தான் முதலில் பேசினார்.

"அப்ப நீங்க இங்க வேலை பாக்கலையா?"

ஓடிக்கொண்டே போன் பேசும் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் பொங்கிச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

"ஐயோ, சோப்பு இல்லேன்னுகூட உங்ககிட்டதான் சொன்னேன். மறுநாள் சோப்பு இருந்துச்சே!"

"நான்தான் தெருமுனைக் கடையில வாங்கி வச்சேன்" என்றேன்.

"நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அவமானப்பட்டவர் அவர்தான் என்பது போல அது இருந்தது. ஒரு வகையில் உண்மையும் அதுதான். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், பாயை உதறி நடு அறையில் விரித்து மல்லாக்கப் படுத்தார்.

"நான் அறுபத்திரண்டு கிலோ. எப்படித் தூக்கறதுன்னு இவங்களுக்குக் காட்டு" என்றார், பயிற்சிப் பெண்ணிடம்.

"அக்கா, உங்களுக்கு எதனா ஆயிடப் போவுது."

"ஆகட்டும். உடம்பைத் தளர்த்திக்கணுமா? தளர்த்திட்டேன், பாரு."

பயிற்சிப் பெண் என்னைப் பார்த்தாள். "முதல்ல ஒண்ணு. வலிப்பு வர்றப்ப தூக்காதீங்க. டாக்டர் சொல்லியிருப்பாங்க. ஒரு பக்கமா திருப்பி விட்டுட்டு நிக்கற வரைக்கும் பக்கத்துல இருங்க. அப்புறம்தான் இது." தலைமாட்டில் என்னை உட்கார வைத்தாள். அவரை உட்கார்ந்த நிலைக்கு நிமிர்த்தி என் நெஞ்சில் சாய்த்தாள். "கையைத் தொடாதீங்க. அக்குள்லயும் தூக்காதீங்க, தோள் மறுபடி நழுவும். மார்புக்குக் கீழ சுத்திக் கட்டிப் பிடிங்க. உங்க கையை நீங்களே கோத்துக்குங்க. முதுகு நேரா. இப்ப கால்ல தள்ளுங்க, கால்ல!"

முதல் தடவை இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். "பரவால்ல, பரவால்ல" என்று என் மேல் கிடந்தபடியே அவர் சொன்னார். இரண்டாவது தடவை அரை அடி நகர்ந்தது. மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். "குதிகாலை ஊனுங்க." "துப்பட்டாவை அவுத்துப் போடுங்க, காலுக்குள்ள மாட்டுது." அவிழ்த்துப் போட்டேன். நான்காவது தடவை சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு முறை நிமிர்ந்தபோது எதிர்க் கண்ணாடியில், மங்கலான வெளிச்சத்தில், வியர்த்த டி-ஷர்ட்டோடு ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் குதிகால் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பிளேட் அடுக்குவதை நிறுத்தவில்லை. பழக்கமாகிவிட்டது. ஆனால் முதுகை வளைக்காமல் எடுக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் வேலை பார்ப்பவள் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுகிற பொறுப்பை அந்தப் பிரான்ஸ்காரர் எடுத்துக்கொண்டார், திரும்பிப் போகும் வரை. சில சமயம் யாரும் கேட்காமலேயே சொல்வார்.

கையை இழுத்தது நான்தான் என்று கணவரிடம் அந்த வாரச் சனிக்கிழமை சொன்னேன். மகளிடமும் சொன்னேன். "தெரியாம இழுத்துட்ட. விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. இப்போதும் அவள் குளிக்கப் போனால் வாளிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு வெளியே ஏதாவது வேலை இருப்பது போல நிற்கிறேன்.

இரண்டாவது தடவை வலிப்பு வந்தது ஒரு விடுமுறை நாளில், மத்தியானம், சமையலறையில். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே சரிந்தாள். அடுப்பை அணைத்தேன். ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தேன். வலிப்பு நின்றது. அரிவாள்மணையை முதலிலேயே தள்ளிவைத்திருந்தேன், ஆனால் அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கில் கிடந்தாள். அங்கே கிடக்க விட முடியாது. பின்னால் போய் உட்கார்ந்து, நிமிர்த்தி, மார்புக்குக் கீழே கட்டிப் பிடித்து, கையைக் கோத்துக்கொண்டு, கால்களால் தள்ளினேன். சமையலறை வாசற்படியில் ஒரு முறை நின்றேன். கூடத்துப் பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மாடியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

கால்மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். கூடம் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. நைட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"யார் தூக்கினா?"

"நான்தான்."

மேலே, மாடிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லாத" என்றாள்.