கணக்கு டீச்சருக்குப் போன கேரியர்

அடுத்தவங்களுக்குச் சோறாக்கிப் போடுற தொழில்ல, நாம எப்படிச் சமைச்சோம்ங்கிறது திரும்பி வர்ற கேரியரைத் தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும். கனமாக வந்தால் அன்றைக்கு நமக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஊரார் நாக்குக்கு உப்புப் போட்டு அலுத்துப்போன என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரியணும்?

நான் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். முழங்கால் இனிமேல் மலை ஏற மாட்டேன் என்று சொன்னதும், தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர்மாருக்குப் பகல் சாப்பாடும் ராச்சாப்பாடும் கொடுக்க ஆரம்பித்தேன். எத்தனையோ பேர் என் கையால் சாப்பிட்டார்கள், இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் இன்றைக்கும் அடுப்பை ஊதும்போது ஞாபகத்தில் வந்து நிற்பது வதனி டீச்சர்தான்.

பகலுக்கு ரொட்டி

வதனி டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணக்குப் படிப்பிக்க வந்தவர். அவர் வந்து இறங்கிய அன்றைக்கே பெரிய சார், அதாவது எங்கள் அதிபர், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்து என் வாசலில் நின்றார். "செல்லம்மாக்கா, கணக்குக்கு வந்த ஒருத்தரும் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் தாங்கி நிக்கல. ஓ-லெவல் எழுதுற புள்ளைங்க இந்த வருசமும் கணக்கு இல்லாமத் தவிக்குதுங்க. பரீட்சை முடியிற வரைக்கும் இந்த டீச்சரை எப்படியாச்சும் நிப்பாட்டிக் குடுங்க" என்றார். என் சின்ன மகள் அப்படிக் கணக்கு டீச்சர் இல்லாத வருசத்தில் பரீட்சை எழுதியவள். இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறாள். அதனால் சார் சொன்னது எனக்கு நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நிப்பாட்டுகிறது என்றால் என் கையில் இருப்பது கரண்டிதானே? முதல் நாள் பகலுக்கு, தேங்காய் துருவி அந்தப் பூவை அள்ளிப் போட்டுத் தடிப்பாக ரொட்டி சுட்டேன். பருப்பைக் கடைந்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்துக் கொட்டினேன். மலைக்குத் திரும்ப ஏறுகிறவர்களுக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் வயிற்றில் நிற்பது ரொட்டிதான். எங்களுக்கு அதைவிடப் பகல் சாப்பாடு கிடையாது. டீச்சர் ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். பிறகு கேரியரின் அடுத்த தட்டைத் திறந்தார், அதற்கும் அடுத்த தட்டைத் திறந்தார், கடைசியில் என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, காலமைச் சாப்பாடு நல்லா இருக்கு. மத்தியானச் சாப்பாடு எப்ப வரும்?"

மாசி

டீச்சர் சைவம். மீன் வாசம் பட்ட சட்டிகூட ஆகாது. அது தெரிந்ததும் நான் புதுச் சட்டி, புது அகப்பை எல்லாம் வாங்கித் தனியாக வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கருவாடு கேட்டால் வெளியே மூன்று கல் அடுப்பில்தான்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் ராசாத்தி என்று ஒருத்தி. அவள் மகள் கவிதா அந்த வருசம் பரீட்சை எழுதுகிற பிள்ளை. ராசாத்தி ஒரு நாள், டீச்சருக்குக் கொடுக்கச் சொல்லிக் கிண்ணம் நிறைய மிளகாய் வைத்துக் கட்டச் சம்பல் இடித்துக் கொண்டுவந்தாள். கண்ணுக்கு நல்ல சிவப்பு, வாசம் ஆளைத் தூக்கியது. அந்த வாசம்தான் எனக்கு இடித்தது. நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். "அடியே, மாசிக் கருவாடு போட்டிருக்கியா? டீச்சர் மீன் தொட மாட்டாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று கத்தினேன். அவளுக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. "மாசி எப்பக்கா மீனாச்சு? அது இடிச்சுப் போடுற தூளுல்ல!"

சொதியில் மெழுகு

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சோற்றுக்கு மேலே சொதி ஊற்றினால்தான் சாப்பிட்ட மாதிரி. நானும் சொதி வைப்பேன். பச்சை மிளகாயும் வெங்காயமும் வெந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வரும் முன்னே இறக்கி, கடைசியில் தேசிக்காயைப் பிழிந்து புளி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை எல்லாம் வழியில்தான் இருந்தது. லயத்திலிருந்து டீச்சர் குவாட்டர்ஸுக்கு வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஆடி மாதக் காற்று கேரியருக்குள்ளேயே கையை விட்டுப் பார்க்கும்.

போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால், தேங்காய்ப்பாலில் இருந்த எண்ணெய் எல்லாம் மேலே உறைந்து வெள்ளைத் தகடாய் நின்றது. டீச்சர் கரண்டிக் காம்பால் அதைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அன்றிலிருந்து பாலைப் போத்தலில் தனியாகக் கொண்டுபோய், டீச்சருடைய அடுப்பில் வைத்தே சொதியை முடிக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு டீச்சர் கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "அக்கா, இதைச் சோத்தில ஊத்திறதோ, இல்லாட்டித் திரி போட்டுக் கொளுத்திறதோ?"

மாவுக்குக் கம்பளி

சிரித்துச் சிரித்துப் பேசினாலும் அந்தப் பிள்ளைக்கு ஊர் ஞாபகம் விடவில்லை. ஒரு நாள் ராவுக்குத் தோசை சாப்பிட ஆசைப்பட்டுத் தானே உளுந்து ஊறப்போட்டு அரைத்து வைத்தார். அங்கே என்றால் ராத்திரி கரைத்த மா விடியும்போது பானையைவிட்டு வெளியே எட்டிப் பார்க்குமாம். இங்கே இரண்டு நாள் ஆகியும் அது கும்பகர்ணன் மாதிரி கிடந்தது. கண் கலங்கிப்போய்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். மாவுக்காக யாரும் அழுவார்களா? அது மாவுக்கு அழுத அழுகை இல்லை என்று எனக்குத் தெரியாதா?

"டீச்சர், இந்தக் குளிர்ல மாவும் நம்மள மாதிரித்தாங்க, சூடு கண்டாத்தான் எந்திரிக்கும்" என்று சொல்லி, பானையை அடுப்படி மூலையில் வைத்து, கைக்குக் கிடைத்த கம்பளியைச் சுற்றினேன். மறுநாள் பொங்கி வழிந்தது. தோசை சுட்டு, தேங்காய்ச் சம்பலும் சாம்பாரும் வைத்து எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். டீச்சர் எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். காரணம் என் வீட்டுக்காரர். ராத்திரி முழுக்க நடுங்கிய மனுசன், நாலாவது தோசையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாவுக்குக் கம்பளி, மனுசனுக்குச் சாக்கா? நானும் புளிச்சுப் பொங்கினாத்தான் போத்துவியா?"

எல்லா வீட்டுக் குழம்பும்

டீச்சர் மாற்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்று பரீட்சைக்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது ஒரு பேச்சுக் கிளம்பியது. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் காலையில் ஒருத்தி சொன்னால் போதாதா, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. "செல்லம்மாக்கா ஒரே குழம்ப வச்சு வச்சுத்தான் டீச்சருக்கு வெறுத்துப்போச்சு" என்று என் தலையிலேயே பழியும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடைய அம்மாமார் ஆளுக்கு ஒரு சட்டியோடு குவாட்டர்ஸுக்கு இறங்கிவிட்டார்கள். லீக்ஸ் பிரட்டல், முட்டைக்கோவா வறை, உருளைக்கிழங்குப் பால்கறி, பீட்ரூட் கறி, வல்லாரைச் சம்பல், மொச்சைக் கொட்டைக் குழம்பு, பலாக்கொட்டை போட்ட புளிக்குழம்பு. ராசாத்தி மாசி போடாமல் சம்பல் இடித்து, போடவில்லை என்று கவிதா தலையில் அடித்துச் சத்தியமும் பண்ணினாள். ஒன்றைத் தொட்டு மற்றதை விட்டால் யார் மனசாவது நோகும் என்று அந்தப் பிள்ளை எல்லாவற்றிலும் சாப்பிட்டது. சாப்பிடச் சாப்பிட, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க டீச்சர்" என்று அள்ளி வைத்தார்கள். திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக்கொண்டு போகிற வழியில் பெரிய சார் என்னை மறித்தார். "செல்லம்மாக்கா, நான் டீச்சரை நிப்பாட்டத்தானே சொன்னேன்? படுக்கப்போடச் சொன்னேனா?"

முருங்கைக்காய்

பேச்சு பொய்யில்லை. டீச்சருக்கு மாற்றம் கிடைத்துவிட்டது என்று சாரே வந்து சொன்னார். அடுத்த மாதமே ஊருக்குப் போகலாமாம். பரீட்சையோ அதற்கும் பிறகு. நான் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற தாயைப் பார்க்கப் போகிற பிள்ளையை நில்லு என்று எப்படிச் சொல்வது? ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தேன். எங்கள் குளிருக்கு அது காய்க்காது. முருங்கைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரித்த பால்கறி, பருப்பு, ரசம், அப்பளம். சந்தோசமாய்ச் சாப்பிட்டுப் போகட்டும் என்று கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குவாட்டர்ஸ் பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மாலை வகுப்பு வைத்திருந்தார், அங்கே போய் வகுப்பு வாசல் பெஞ்சில் கேரியரை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்க மனசு வராமல் திரும்பிவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரம் பாத்திரம் எடுக்கப் போனால், ஒரு பருக்கை மிச்சமில்லை. வழித்துச் சாப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு வாயெல்லாம் பல். உள்ளே எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் கையெல்லாம் குழம்பு; முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேரியர் மூடியை வைத்துக்கொண்டிருந்த கவிதா, "டீச்சர் வேணாம்னுட்டாங்க பெரியம்மா, எங்களைத்தான் சாப்பிடச் சொன்னாங்க" என்றாள். டீச்சர் கையில் சோத்துப் பருக்கை இல்லை, சுண்ணக்கட்டிதான் இருந்தது.

"என்னங்க டீச்சர், ஊருக்குப் போறீங்கன்னு உங்க ஊர்ச் சாப்பாடாச் சமைச்சேன், நீங்க ஒரு வாய் வைக்கலியே? குழம்பு நல்லா இல்லியா?" என்று கேட்டேன். டீச்சர் கரும்பலகையில் பாதி வரைந்த வட்டத்தை விட்டுவிட்டு மற்றதைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "ஆர் அக்கா போறது? பிள்ளையள் சோதனை எழுதி முடியத்தான் வருவன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். இதுகளுக்கு வட்டத்திண்ட தேற்றம் இன்னும் விளங்கேல்லை, இப்பிடியே விட்டிட்டுப் போய் நான் அங்க என்னெண்டு சாப்பிடுறது?"

கவிதா கணக்கில் தேறி, டீச்சரும் ஹட்டனில் ரயில் ஏறிப் போனபிறகுதான் எனக்கு விளங்கியது, வருசம் முழுக்க நான் சொதியும் பால்கறியும் வைத்துக் கட்டிப்போட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஆளைக் கட்டிப்போட்டிருந்தது பலகையில் பாதியில் நின்ற ஒரு வட்டம், நான் அதற்குச் சோறு சுமந்தவள், அவ்வளவுதான்.