பெரட்டில் பழகிய ஜெபம்

திருச்சிச் சீமையிலிருந்து தோணியேறி, மன்னார் வழியாக வெறுங்காலோடு நடந்து இலங்கையில் பதுளைக்கு வந்தவன் நான். மண்வெட்டி பிடித்துத் தொடங்கி, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி ஆனேன். எழுத்து அதிகம் தெரியாது. ஆனாலும் எங்கள் தோட்டத்துச் சபையில் என்னைப்போல் ஜெபம்பண்ண உபதேசியாராலும் முடியாது. நான் எழுந்தால் சனம் மூச்சுவிடாது.

அந்த வித்தையைப் பெரட்டுக் களத்தில் கற்றேன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் அந்த இடத்தில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் குறை சொல்கிற கங்காணி நிலைக்கமாட்டான். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் சலாம், பிறகு புகழ்ச்சி, கடைசியில் "எல்லாம் சுகமுங்க துரை." ஆண்டவரிடமும் அப்படியே பேசினேன். எல்லாருக்கும் பெரிய துரை அல்லவா அவர்!

என் மனைவிக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. தோட்டத்து மருந்துக்கு அது கேட்கவில்லை. உபதேசியாரும் சபையாரும் வந்து வீடு நிறைய உட்கார்ந்தார்கள். நான் கட்டிலருகே நின்று மழைக்கும் கொழுந்துக்கும் ராஜாவின் ஆயுளுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி முழங்கினேன். அவர்கள் போனதும் அவள் கேட்டாள்:

"ஏங்க, நான் சாகக் கெடக்குறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ஆண்டவருக்குத் தெரியாதா புள்ள?"

"தெரியும்னா இம்புட்டு நேரம் எதுக்குக் கத்துனீங்க? பெரட்டுல நிக்கிறாப்லயே நிக்கிறீங்க. இவ இல்லாட்டி நான் என்னாவேன்னு அவருகிட்ட கேளுங்க."

கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேலையாள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பெரிய கங்காணி கெஞ்சுவதை அவன் கேட்பதா? "சாயங்காலம் ஆகட்டும்" என்றேன். சாயங்காலத்துக்கு அவள் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் வழக்கம்போல் என்னை ஜெபத்துக்கு எழுப்பினார். ஸ்தோத்திரம் வரவில்லை.

"ஒண்ணும் சுகமில்ல ஆண்டவரே. அவள எடுத்துக்கிட்டீங்க. எனக்கு வீட்டுக்குப் போகவே புடிக்கல. உங்க மேல கோவமா இருக்கு."

"கங்காணி ஐயா, போதும், உக்காருங்க" என்று உபதேசியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கல் சுமந்து கட்டிக்கொடுத்த கோயிலில்! அத்தனை வருஷப் பொய்க்கும் ஆமென் சொன்ன சனம், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டது. அதன்பின் என்னை யாரும் ஜெபத்துக்கு எழுப்பவில்லை.

இப்போது வீட்டில் தனியாக அதையேதான் தினமும் சொல்கிறேன். பதில் இல்லை. துரையாவது முகத்தைப் பார்த்து முடியாது என்பார்.