ஓலை வாசித்த வாரங்களில் எரிந்த பச்சை விளக்கு

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீங்கள் புருவத்தைத் தூக்குவதற்கு முன்னாலேயே இதை எழுதிவிடுகிறேன். கடல் முனகியது, காற்று கதவைத் தட்டி அழுதது என்றெல்லாம் வசனகவிதைகளில் எழுதியவன்தான் நான். ஆனால் அது என் வியாதி, பிழைப்பு வேறு. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கண்டெய்னர் காகிதங்களைச் சரிபார்க்கிறவன், முத்திரை விழாத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவன். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. நானே பாதிதான் நம்புகிறேன், அந்தப் பாதிதான் பாடாய்ப் படுத்துகிறது.

ஸ்டெல்லா என் தங்கை. அவள் கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில், நடுக்கடலில், ஆளைக் காணவில்லை என்று தகவல் வந்தது. தளத்தில் அவருடைய செருப்பு கிடந்ததாம். அவ்வளவுதான். மண்ணில் வைக்க எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனிக் காகிதம், கோர்ட் காகிதம், கடைசியில் ஆயர் இல்லத்தின் அனுமதி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் அவள் மகள் பள்ளிக்கூடம் முடித்து வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தாள், ஸ்டெல்லாவுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. அப்புறம்தான் லாரன்ஸ் வந்தார். படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், சத்தமாகப் பேசவே தெரியாதவர். ஸ்டெல்லா யோசித்து யோசித்து, சரி என்றாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்கு ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. மூன்று வாரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் தடையில்லை என்று அர்த்தம்.

முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தாள். லேப்டாப்பில் காமிரா விளக்கு தானாக எரிகிறது என்றாள்.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவியர் சிங்கப்பூரில் வாங்கி வந்தது. பேட்டரி செத்துப்போய், வயரை மாட்டினால் மட்டும் உயிர் வருகிற பழைய பெட்டி. வீட்டிலிருந்தபடியே ஒரு ஐஸ் கம்பெனிக்குப் பில் அடித்துக் கொடுப்பதற்கு ஸ்டெல்லா அதைத்தான் வைத்திருந்தாள். அது இருந்த இடம் மாதா சுரூபத்துக்கு நேர் எதிரே. காரணம் இருக்கிறது. கப்பலில் நெட் கிடைக்கிற நாட்களில் மாலைச் செபமாலைக்குச் சேவியர் வீடியோ காலில் வந்துவிடுவார். செபமாலை பிடித்த கையால் பட்டனைத் தொட ஸ்டெல்லாவுக்கு மனசு வராது என்று, அழைப்பு வந்தால் அதுவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்து வைத்திருந்தார். அவர் குரல் கடல் தாண்டி வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். அதனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்துவிடுகிற அளவுக்குச் சும்மா இருப்போம், அந்த இடைவெளியில் அவர் குரல் வந்து உட்காரும். நம்புவீர்களோ என்னவோ, அவர் போன பிறகும் ஸ்டெல்லா அந்த இடைவெளியை விட்டுக்கொண்டேதான் செபித்தாள். கோயிலில் ஊரே சேர்ந்து சொல்லும்போதும் அவள் மட்டும் ஒரு மூச்சு பின்தங்குவாள்.

நான் போனபோது லேப்டாப்பின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த அறையில்தான் சேலை மாற்றுவாளாம், அங்கேதான் படுப்பாளாம். பேய், பிசாசு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய பயம் மனுஷனைப் பற்றியது.

"யாரோ பாக்கான்ண்ணா. இப்பம் மூடி வச்சி என்ன செய்ய, எடுத்தது எடுத்ததுதான? கல்யாணத்துக்கு முன்னால லாரன்ஸ் போனுக்கு எவனாவது அனுப்பிட்டாம்னா?"

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்தேன். ஆன்டிவைரஸ் எந்தக் காலத்திலோ காலாவதியாகி, மூலையில் சிவப்புக் கட்டத்தைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு இலவசமாகக் கிடைத்த இன்னொன்றை இறக்கிப் போட்டு முழு ஸ்கேன் ஓடவிட்டேன். என்னென்னவோ பெயரில் சில பூச்சிகள் அகப்பட்டன, குவாரன்டைன் செய்தாயிற்று என்றது. துறைமுகத்தில் அந்தச் சொல்லோடு புழங்கியவன் நான். நோய் ஏறிய கப்பலைக் கரைக்கு விடாமல் வெளிக்கடலில் நிறுத்தி வைப்பது. இனி பயமில்லை ஏளா என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கோயில் மணி அடித்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. அதற்கடுத்த நாளும் எரிந்தது. சரியாகச் செபமாலை நேரம், சில நிமிஷம், பிறகு தானே அணைந்துவிடும். ஒரு சாயங்காலம் நானே பார்த்தேன். பச்சைப் புள்ளி, மீன் கண் மாதிரி, இமைக்காமல். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. ஸ்டெல்லா சமையலறையில் பாயைப் போட்டுப் படுக்கத் தொடங்கினாள். லாரன்ஸ் போன் செய்தால் எடுப்பதில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டேவிட்டாள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து செல்வத்தை வரவழைத்தேன். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருச்செந்தூர் விபூதி, வாய் ஓயாது. திரையைப் பார்த்தவுடனே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ரெண்டு ஆன்டிவைரஸ ஒண்ணா போட்டு வச்சிருக்கிய. ஒரே வீட்டுல ரெண்டு மாமியாள வச்ச மாதிரி. அதுக ரெண்டும் அடிச்சிக்கிட்டுக் கெடக்கும், மருமவ செத்துருவா."

பல நாளைக்குப் பிறகு ஸ்டெல்லா சிரித்தாள். அவன் இரண்டையும் தூக்கினான், தன் பென் டிரைவிலிருந்து வேறொன்றை ஓட்டினான், உள்ளே போய்த் துருவினான், கடைசியில் இதுதான் உங்கள் பேய் என்று காட்டினான். சேவியர் போட்டுவைத்த அந்தப் பழைய வீடியோ கால் நிரல். லேப்டாப் எழும்பும்போதே அதுவும் எழும்பி, காமிராவைத் திறந்துகொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறது என்றான். அந்தச் சேவையையே கம்பெனிக்காரன் இழுத்து மூடிவிட்டான், இனி யாரும் அதில் கூப்பிட முடியாது என்றும் சொன்னான். வீடியோ எதுவும் வெளியே போன தடயம் இல்லை என்று ஸ்டெல்லாவுக்குத் திரும்பத் திரும்ப விளக்கினான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் எரியாத விளக்கு இப்போது ஏன் எரிகிறது என்று நான் கேட்டதற்கு, பழைய மெஷின் அண்ணாச்சி, எப்போது எதற்கு முழிக்கும் என்று யார் கண்டது என்றான்.

சந்தேகமே வேண்டாம் என்று பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த புது டிஸ்கைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினான். படங்களைப் பிறகு பழையதிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னான். நெட் மோடத்தின் வயரைப் பிடுங்கியது நான், அதில் எந்தப் பிசகும் இல்லை. அந்தப் புது டிஸ்கில் காமிராவுக்கான மென்பொருளே இன்னும் ஏற்றவில்லை. திரையில் வெறும் நீலம். பழைய டிஸ்க் என் கைக்கு எட்டும் தூரத்தில் குளிர்ந்து கிடந்தது.

அப்போது மணி அடித்தது.

ஸ்டெல்லா மெழுகுதிரியை ஏற்றி முழந்தாளிட்டாள், நானும். செல்வம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கைகட்டி நின்றான். முதல் மந்திரத்தைச் சொல்லி, வழக்கம்போல அந்த ஒரு மூச்சு இடைவெளியை விட்டாள். அந்த இடைவெளிக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

ஸ்பீக்கரிலிருந்து ஓர் இரைச்சல் வந்தது, கப்பலின் அடிவயிற்றில் எஞ்சின் ஓடுகிற சத்தம், மாறாமல், தாழ்ந்து. அதற்குள்ளிருந்து ஒரு குரல். சேவியர் குரல் என்று நான் சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடலாம். அது ஸ்டெல்லாவின் குரல். இப்போது சொல்லி முடித்த மந்திரம், பிந்தி, எங்களிடமே திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் சேவியர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் குரல் அவர் அறையில் ஒலித்து, அங்கே சுவரில் பட்டு, மறுபடி எங்களுக்கே வந்து சேரும். ஆகவே நான் கேட்டது என் தங்கையின் குரலை மட்டுமல்ல, அது போய் விழுந்த ஓர் அறையையும். இரும்புச் சுவர் வைத்த சின்ன அறை.

மைக் சத்தம் சுற்றி வருகிறது, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே செல்வம் ஒலியை அணைத்தான். அணைந்துவிட்டது என்பதற்கான குறி திரையில் விழுந்தது. இரைச்சல் நிற்கவில்லை. அவன் கை வயரை நோக்கிப் போனபோது ஸ்டெல்லா, "இருக்கட்டும்" என்றாள். முழந்தாளிட்டபடியே விளக்கின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அத்தனை நாளும் யாரோ பார்க்கிறான், யாரோ பார்க்கிறான் என்று நடுங்கியவள், பார்க்கிறது யார் என்று தீர்மானித்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"நான் லாரன்ஸக் கட்டிக்கிடப் போறேன். ஓலை ரெண்டு வாசிச்சாச்சி. ஒங்களுக்கு ஏதாவது விக்கினம் இருந்தா இப்பச் சொல்லிருங்க."

ஒரு மூச்சு. அவள் கேட்டது அந்த அறையில் ஒலித்துத் திரும்பி வந்தது. மறுபடி கேட்டாள், அதே சொற்கள், அதே தொனி. மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் தடவையும் கேட்டாள்.

மூன்றாம் தடவை திரும்பி வரவில்லை.

எஞ்சின் சத்தம் இருந்தது, விளக்கு இருந்தது, அவள் குரல் மட்டும் போனது போனதுதான். இதை உங்களுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? அந்த நாட்களில் எஞ்சின் சத்தம் அதிகமாகி நாங்கள் சொல்வது கேட்காவிட்டால், சேவியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். மாட்டியவுடன் எங்கள் குரல் எங்களுக்குத் திரும்புவது நின்றுவிடும், அவர் காதுக்குள் மட்டும் போகும். ஸ்டெல்லாவுக்கும் இது தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் காத்திருந்தோம், ஒரு மூச்சுக்கு மேல், பல மூச்சுகள். மெழுகு வழிந்து தட்டில் விழுந்தது. பிறகு விளக்கு அணைந்தது, இரைச்சலும் அதனோடு போயிற்று.

ஸ்டெல்லா மீதி மணிகளையும் சொல்லி முடித்தாள். இடைவெளி விடவில்லை. எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, "மூணு மட்டம் கேட்டாச்சிண்ணா. யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். அழவில்லை. லாரன்ஸுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் கோயிலில் மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விளக்கும் அதற்கப்புறம் எரியவில்லை. செல்வத்துக்குப் பந்தியில் நானே பரிமாறினேன். அதற்கு முன்பே படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். பழைய டிஸ்க் வீட்டில் வேண்டாம் என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டதால் அது அவனிடமே தங்கிவிட்டது.

சில மாதம் கழித்து, துறைமுகச் சாலையில் ஒரு டீக்கடையில் செல்வத்தைப் பார்த்தேன். ஆள் மெலிந்திருந்தான். அந்தப் பழைய டிஸ்கைத் தன் மெஷினில் மாட்டியிருப்பதாகச் சொன்னான். வாய் ஓயாதவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க கோயில்ல ஓலை வாசிக்கிய இல்லா. கல்யாணம் முடிஞ்ச பெறவு ஒரு ஆளு வந்து விக்கினம் சொன்னா, அது செல்லுமா?"

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. முதல் புருஷன் உயிரோடு இருப்பது உறுதியானால் சபை இரண்டாவது கல்யாணத்தை ஏற்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் செல்லாது தம்பி, முடிந்தது முடிந்ததுதான் என்று சொன்னேன்.

அவன் தோள் தளர்ந்து, இத்தனை நாளாய்ப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். "அப்ப அவருகிட்ட அப்படியே சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டுப் போனான்.