படத்தில் மட்டும் செத்த காட்டுமாடு

அந்தப் படத்தை எடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் யார் யாரைத் திட்டப் போகிறேனோ, அவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த வருஷங்கள் அவை. எனக்கு முப்பது வயது. நாஞ்சில் நாட்டிலிருந்து தலைநகருக்கு வந்து கரமனையில் வாடகை வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. முதலாளிக்கு மூச்சு இளைப்பு உண்டு. பெரிய கேமராப் பெட்டியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் அவரால் தூக்க முடியாது. அதனால் வெளியே போய் எடுக்கிற படமெல்லாம் என் தலையில்தான் விழும்.

ஸ்டூடியோவுக்கு வழக்கமாக வருகிறவர்களில் ஒரு பெரிய வக்கீல் இருந்தார். வேட்டைப் பைத்தியம். மானும் பன்றியும் சுட்டுச் சலித்துப் போய், போத்து என்று அவர் சொல்லுகிற காட்டுமாடு ஒன்று சுட லைசன்ஸ் வாங்கியிருந்தார். ஒரு நாள் வந்து முதலாளியிடம், "போத்து விழுந்ததும் படம் எடுக்கணும். உன் ஆளை என்கூட அனுப்பு" என்றார். இன்னும் துப்பாக்கியைக் கையில் எடுக்கவில்லை, படத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்ல நான் யார்?

போனக்காட்டுப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அதன் மானேஜர் வக்கீலுக்குச் சிநேகிதர். நெடுமங்காடு, விதுரை வழியாக ஜீப்பில் ஏறிப் போய் மானேஜர் பங்களாவில் தங்கினோம். காட்டில் வழி காட்ட ஒரு தொழிலாளியை விட்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவரும் அவர் மனைவியும் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர்கள். காட்டில் எந்த மாடு எங்கே தண்ணீர் குடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்த கையோடு வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. ஒன்றே ஒன்று. சற்று நேரத்தில் அந்தத் தொழிலாளி இறங்கி வந்து, "மாடு விழுந்திட்டு. உங்களைக் கூட்டியாரச் சொன்னாவ" என்றார். கேமராவை அவரும் ஸ்டாண்டை நானுமாகச் சுமந்துகொண்டு புல்மேட்டில் ஏறினோம். வழியில் அவர் முகம் சரியில்லை. "குண்டு மேலால பட்டிருக்கு சார். திமிலுக்குப் பக்கத்துல. அங்க பட்டா கல்லு மாதிரி விழும். ஆனா அது சாவு இல்ல" என்றார்.

சோலையின் ஓரத்தில் மாடு சரிந்து கிடந்தது. அவ்வளவு பெரிய மிருகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கறுத்து மினுங்கும் உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். வக்கீல் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"அய்யா, கிட்டப் போகாதிய. காது ஆடுது" என்றார் தொழிலாளி.

"காத்தில ஆடுது."

"காத்தே இல்லியே அய்யா. இன்னொரு வெடி வச்சிருங்க. பாவம், அதுக்கும் நல்லது."

"இன்னொரு துளை விழுந்தா தோல் கேடாகிப் போகும். எடோ, நீ வழி காட்ட வந்தவன். அதை மட்டும் நோக்கு" என்றார் வக்கீல்.

துப்பாக்கியைக் கொம்புகளின் மேல் குறுக்காக வைத்தார். பிறகு மாட்டின் தோள் மேல் ஏறி உட்கார்ந்தார். தொழிலாளி இருபதடி தள்ளிப் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைகீழான வக்கீல் மெதுவாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

"அசையாதீங்க சார்" என்றேன்.

"நான் அசையலையே!"

மூட்டமான காலை, லென்ஸை அரை செகண்டாவது திறந்து வைத்தால்தான் படம் விழும். மறுபடியும் "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். அவர் அசையவில்லை. அவருக்குக் கீழே மாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மனுஷன் ஏன் இப்படி ஆடுகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்ததே தவிர, கீழே இருக்கிற உயிர் நினைவுக்கு வரவில்லை. காது ஆடுது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் வரவில்லை.

இரண்டாவது கண்ணாடி நெகடிவ் பிளேட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சீறல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாடு முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டிருந்தது. வக்கீல் புல்லில் உருண்டு கிடந்தார். துப்பாக்கி கொம்பிலிருந்து நழுவி ஒரு கல்லில் மோதி விழுந்தது. மாடு எழுந்து நின்று எங்கள் மூவரையும் பார்த்தது. திமிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதிலிருந்து வழிந்த ரத்தம். அது நினைத்திருந்தால் அங்கேயே எங்கள் கணக்கைத் தீர்த்திருக்கலாம். தலையை ஒரு முறை உதறிவிட்டுத் திரும்பி, சோலைக்குள் போய்விட்டது. கிளைகள் முறிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

தொழிலாளிதான் முதலில் பேசினார். "விடக்கூடாது அய்யா. காயம்பட்ட மாடு. அந்தப் பக்கம் கீழதான் பொம்பளையாளுவ கொழுந்து கிள்ளுற எடம். வாங்க, ரத்தம் பாத்துப் போவோம்."

வக்கீல் வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "அது தூரம் போகாது. போய் விழுந்து சாகும். எனக்கு நாளைக்குக் கோர்ட்டில கேஸ் உண்டு" என்றார்.

அவ்வளவுதான். சுட்ட மிருகம் உயிரோடு போனால் பின்னாலேயே போய் அதன் துன்பத்தை முடிக்க வேண்டும், அது வேட்டைக்காரனின் கடமை என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து எங்களுக்குப் பிரசங்கம் பண்ணியவர் இதே மனிதர்தான். பங்களாவில் மானேஜரிடம், மாடு செத்து விழுந்தது, படம் எடுத்தோம், பிறகு பள்ளத்தில் உருண்டுவிட்டது, எடுக்க முடியவில்லை என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்து பிளேட்டைக் கழுவினேன். புல்லும் கல்லும் ஊசி முனை போலத் தெளிவாக விழுந்திருந்தன. வக்கீலின் உடம்பும் மாட்டின் விலாவும் மட்டும் இரட்டை இரட்டையாகக் கலங்கிக் கிடந்தன. முதலாளி பார்த்துவிட்டு, "இதெந்தா இப்படி? சரியாக்கு" என்றார். முதலில் ஒரு பிரதி போட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். அது என் வழக்கம். பிறகு பிளேட்டைச் சாய்மேஜையில் வைத்து, கத்தியால் சுரண்டியும் பென்சிலால் இழுத்தும் அந்தக் கலக்கத்தை எடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்த மாட்டின் மூச்சைப் படத்திலிருந்து அழித்தேன். வேலை சுத்தமாக வந்தது என்று முதலாளி மெச்சினார். பெரிதாக்கிய படம் ஒன்று வக்கீலுக்கு, ஒன்று மானேஜருக்கு, ஒன்று எங்கள் கண்ணாடி ஷோகேஸில்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் ஸ்டூடியோ திறக்கும்போது அந்தத் தொழிலாளி ஷோகேஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் படத்தைக் காட்டி, "சார், இது எந்த மாடு?" என்று கேட்டார்.

"அதே மாடுதான்."

"இது செத்திட்டுதா?"

நான் கதவின் பூட்டைத் திறந்தேன்.

"இது செத்திட்டுன்னா, என் வீட்டுக்காரியை முட்டுனது எது?"

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். நாங்கள் இறங்கி வந்த மூன்றாம் நாள் அவர் மனைவி வேலைக்குப் போகிற வழியில், ஓடைப் பக்கத்துப் புதரில் படுத்திருந்த மாடு எழுந்து முட்டித் தூக்கி எறிந்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பளியில் கட்டித் தூக்கி, லாரியில் ஏற்றி, இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவளோடு வேலைக்குப் போன மற்றப் பெண்களும் மாட்டைப் பார்த்திருக்கிறார்கள். திமிலில் ஈ மொய்த்த புண்.

"மானேஜர் தொரைகிட்டப் போய்ச் சொன்னேன் சார். 'அந்த மாடு செத்துப் போச்சு, இந்தா பாரு'ன்னு இந்தப் படத்தை எடுத்துக் காட்டுதாரு. கால் வழுக்கி விழுந்தாள்னு காயிதத்துல எழுதியாச்சாம். வழுக்கி விழுந்தவளுக்குத் தோட்டம் பொறுப்பில்லையாம். நான் அங்க இருந்தவன் சார், என் கண்ணால பாத்தவன். நான் சொல்லுறது பொய்யி, இந்த அட்டை சொல்லுறது நெசமா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஷோகேஸைத் திறந்து படத்தை எடுத்தேன். என் பெட்டியிலிருந்த முதல் பிரதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேரே வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

ஜூனியர்கள் இருவர் வெளி அறையில் இருந்தார்கள். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் வக்கீல் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அது வேற போத்தாயிருக்கும்" என்றார்.

"திமிலில் குண்டுக் காயம் பட்ட வேற மாடா சார்?"

"உனக்கு இப்ப எந்தா வேணும்?"

"மாடு எழுந்து போச்சுன்னு மானேஜருக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

அவர் சிரித்தார். "கோர்ட்டில எத்தனை சாட்சியை நான் கண்டிருக்கேன்! எடோ, படம் எடுத்தவன் நீ. உன் படம் என்ன சொல்லுது? செத்துப் போச்சுன்னு சொல்லுது. பின்னே நீ வந்து எழுந்து போச்சுன்னா, எதை நம்பணும்?"

முதல் பிரதியைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார். "கை நடுங்கி எடுத்த படம்."

"என் கை நடுங்கியிருந்தா புல்லும் நடுங்கியிருக்கணும் சார். புல்லைப் பாருங்க. நீங்களும் மாடும் மட்டும்தான் அசைஞ்சிருக்கீங்க. மூச்சு விடுற மாட்டு மேல உட்கார்ந்திருந்தீங்க. அது உங்களைத் தள்ளிட்டு எழுந்தது. அது உங்களுக்கு வெட்கமா இருக்குன்னா இருக்கட்டும். அதுக்காக ஒரு பொம்பளை வழுக்கி விழுந்தவளா ஆகணுமா?"

இப்படியெல்லாம் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் படத்தை எடுக்கக் கை நீட்டினார், நான் முந்திக்கொண்டேன். வெளியே வரும்போது ஜூனியர்கள் இருவரும் கேஸ் கட்டுகளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

ஸ்டூடியோவுக்கு நான் நடந்து வந்து சேருவதற்குள் டெலிபோன் வந்து சேர்ந்திருந்தது. முதலாளி வாசலிலேயே நின்றார். "அவர் நமக்கு எத்தனை வருஷத்து ஆள்! நீ பேசினது மதி. நாளை முதல் வரண்டா." வேலை போயிற்று. ஷோகேஸிலிருந்து எடுத்த படத்தை அவரிடமே கொடுத்தேன். என் கண்ணெதிரில் அதைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள், "அந்தப் பொம்பளைக்கு ஆஸ்பத்திரியிலே சோறு யாரு கொண்டு குடுக்கா?" என்று கேட்டாள். அவள் புருஷன்தான் ஒரு ஓட்டலில் வாங்கிக்கொண்டு போகிறார் என்றேன். மறுநாளிலிருந்து இவள் கொண்டுபோனாள்.

நான் மானேஜருக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்தது நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, முதல் பிரதியையும் உள்ளே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது. அனுப்பிய படம் தெளிவாக இல்லை, ஆகவே அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள இயலாது. படத்தைத் திருப்பியும் அனுப்பவில்லை. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தெளிவாகப் படம் எடுக்கக் கற்றுக்கொண்ட நாட்களையெல்லாம் சபித்தேன்.

பிறகு பாளையத்தில் வேறொரு ஸ்டூடியோவில், பாஸ்போர்ட் படம் எடுக்கிற வேலை கிடைத்தது. அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போனாள். கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. மேட்டில் ஏறிக் கொழுந்து கிள்ள முடியாது. ஃபாக்டரியில் தேயிலையில் குச்சி பொறுக்க உட்கார வைத்தார்களாம். மழைக்காலம் முடிந்த பிறகு, நானும் மனைவியும் அவர்களைப் பார்க்கப் போனோம். மலையில் எல்லோரும் அந்த மாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். புண் ஆறிவிட்டது. ஒரு மாலை அது மானேஜரின் காரையே ரோட்டில் மறித்துக்கொண்டு நின்றதாம். தழும்பை அவரும் பார்த்தார், டிரைவரும் பார்த்தான். "இது வேற மாடு" என்று அவர் டிரைவரிடம் சொன்னாராம். இதைச் சொல்லும்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் இருக்கும்போதே தொழிலாளி எங்களை லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். அவர் மனைவியும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். எதிர்ச்சரிவில் ஏழெட்டு மாடுகள் மேய்ந்தன. ஒன்று மட்டும் கறுப்பில் பெரிதாகத் தனித்து நின்றது. திமிலுக்குப் பக்கத்தில் மயிர் முளைக்காத ஒரு சாம்பல் கோடு. கொழுத்து, சுகமாக இருந்தது. அது பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் ஒளிக்க விரும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றவளின் காலைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக் கொல்லையில் புகுந்த பசுவை விரட்டுகிறவள் போலக் கம்பைத் தூக்கி, "ஏ, இன்னும் இங்கயே நிக்கியா? ஓடு! ஒன்னைச் சுட்ட அந்தாளு மறுபடியும் வரப் போறான், ஓடு!" என்று சத்தம் போட்டாள்.

மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பெரியது முதலில் திரும்பியது. ஒன்றன் பின் ஒன்றாகச் சோலைக்குள் நுழைந்து, கடைசிக் கன்றும் மறைந்த பிறகுதான் அவள் கம்பைக் கீழே ஊன்றினாள்.